மலையை இறக்கும் நேரம்

மாலை ஐந்தரை மணிக்குச் செம்மாங்கரடு தன் முழு உயரத்தில் நின்றது. காலையில் இருந்ததைவிட இருநூறு மீட்டர் கூடுதல். மலை ஏறி நிற்பது ஒன்பது வருடமாக அன்றாடம் பார்க்கிற காட்சிதான். ஆனாலும் கட்டுப்பாட்டு அறையின் சன்னல் வழியே அண்ணாந்து பார்க்கும்போது மயிலாத்தாளுக்கு இன்றைக்கும் பிரமிப்புத்தான். ஒரு முழு மலை, மரம் பாறை குரங்கு எல்லாவற்றோடும், சத்தமே இல்லாமல் எழுந்து நிற்கிறது. இதெல்லாம் பழகிப்போச்சு என்று சொல்கிறவர்களை அவள் நம்புவதில்லை.

கரட்டைச் சுற்றி வட்டமாக அறுத்து, அடியில் தண்ணீரைத் தேக்கியிருந்தார்கள். பகலில் சூரியக் கதிர்ப்பலகைகளின் மின்சாரம் அந்தத் தண்ணீரை அழுத்த, ஊசிக் குழாயில் தண்டு நகர்வது போல மலை ஏறும். ஆறு மணிக்கு மயிலாத்தாள் மலையை இறக்கும் தாழ்த்தியின் கைப்பிடியை இழுப்பாள். மலை தன் கனத்தில் இறங்கும், தண்ணீர் பீறிட்டுச் சுழலிகளைச் சுற்றும், விடிய விடிய கரண்டு.

ஆயிரத்து ஐநூறு அடிக்குக் கீழே போய்விட்ட நிலத்தடி நீரை இழுக்கத்தான் நாற்பது ஊரும் சேர்ந்து இந்த ஏறுமலை மின் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கின. உறுப்பினர்களின் மோட்டார்களுக்குப் போக மிஞ்சியதை நகரத்துக்கு விற்றார்கள். ஆறு மணிக்குக் கரண்டு போய்ச் சேராவிட்டால் நகரத்தோடு ஒப்பந்தம் ரத்து. ஒப்பந்தம் போனால் சங்கமும் போச்சு, மோட்டார்களும் நின்றுபோகும். இன்னும் கூடுதலாக விற்கலாமே என்று போன வாரம்தான் ஏற்றத்தை நூற்றைம்பது மீட்டரிலிருந்து இருநூறாக்கியிருந்தார்கள்.

அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகங்கள் இந்தச் சீமையை எட்டிக்கூடப் பார்க்காமல் தலைக்கு மேலே கடந்து போய்விடும். அவற்றைத் திட்டுவதையே ஊர்க்காரர்கள் நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.

அன்று, புதிதாக ஏற்றிய உயரத்தில், ஒரு மேகம் உச்சிப்பாறையில் முட்டி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் வானம் முழுக்க. வெளிச்சம் மங்கியது. பிறகு மழை கொட்டியது. அறுத்த பாறைச் சுவரின் வட்டம் முழுவதும் தண்ணீர் இருநூறு மீட்டர் உயரத்திலிருந்து ஒரே அருவியாக இறங்கியது. மயிலாத்தாள் வாய்விட்டு அழுதாள். அவளுடைய கடலைக்காடு இன்னும் ஒரு வாரத்தில் கருகியிருக்கும்.

ஆறு அடித்தது. வேலை வேலைதான் என்று கைப்பிடியை இழுத்தாள். மலை ஐந்து மீட்டர் இறங்கியிருக்கும், மழை சட்டென்று மெலிந்தது. உச்சிக்கு மேலாக மேகம் கிழக்கே நழுவத் தொடங்கியது. அவள் பதறி மலையை நிறுத்தினாள். மேகத்தின் வால் மறுபடி பாறையில் சிக்கிக்கொண்டது. மழை வலுத்தது.

சங்கத் தலைவர் சென்னிமலை தொலைபேசியில் வந்தார். "ஏன் அம்மிணி நிறுத்திப்போட்டே? மணி ஆறாச்சல்ல?"

"எறக்குனா மழை போயிருதுங்க தலைவரே. இப்பத்தான் என்ற கண்ணால பார்த்தேன்."

"நெசமாவா சொல்றே?"

"வேணும்னா இன்னொரு மீட்டரு எறக்கிக் காட்டட்டுங்களா?"

"வேண்டா, வேண்டா. மொதல்ல அதுல இருந்து கைய எடு."

அதற்குள் சேதி பரவிவிட்டது. கரண்டு ஐந்து நிமிடம் தாமதமானால் சண்டைக்கு வருகிற உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எங்களுக்குக் கரண்டே வேண்டாமுங்க, மலையை மட்டும் எறக்கீராதீங்க என்று கெஞ்சினார்கள். மோட்டாரை வைத்து இழுக்க நினைத்த தண்ணீர் தானாக வந்து அவர்கள் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. மலையிடமிருந்து எதையும் எடுக்காமல் இருந்தால் போதும், அது எல்லாவற்றையும் கொடுக்கும் போலிருந்தது.

அப்போதுதான் மலையின் உயரத்தைக் காட்டும் மலைமானி மயிலாத்தாளின் கண்ணில் பட்டது. முள் ஒரு கோடு கீழே வந்திருந்தது. கைப்பிடியை யாரும் தொடவில்லை. அடித்தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. இருட்டும் முன்பே விற்கத் தொடங்கிவிடும் சங்கம், மலையை இரவு முழுக்க மேலே நிறுத்திப் பார்த்ததே இல்லை. நிறுத்த வேண்டுமென்றால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குக் கரண்டு வேண்டும். கதிர்ப்பலகைகளோ மேகத்துக்கு அடியில் கறுத்துக் கிடந்தன. மலையையே இறக்கித்தான் கரண்டு எடுக்க வேண்டும்.

"நகரத்துல கேளு அம்மிணி. என்ன வெலைன்னாலும் வாங்கிப்போடலாம்," என்றார் தலைவர்.

அவள் கூப்பிட்டபோது நகரத்தின் மின்பகிர்வு அதிகாரி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார். "ஆறே முக்கால் ஆச்சுங்க. மேகம் மூடித் தெருவெல்லாம் இருட்டு. கரண்டு எங்கே?"

"இன்னிக்கு விக்கறதுக்கில்லீங்க. நாங்களே வாங்கோணும். விடியற வரைக்கும் கொஞ்சம் குடுக்க முடியுங்களா? மலை எறங்காம நிறுத்தோணும்."

அதைக் கேட்டதும் அவர் குரலிலிருந்த கோபம் போய்விட்டது.

"ராத்திரிக்கு எங்ககிட்ட இருக்கறதே உங்க மலைதானுங்களே அம்மா. அதை எறக்கிக் குடுங்க, அது எறங்காம இருக்கறதுக்குக் கரண்டு தர்றேன்."

மயிலாத்தாள் தொலைபேசியை வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தாள். மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே மலை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது.