புனித வெள்ளியில் கழுவிய வாள்

இரும்பை முகர்ந்தே அதை அடித்த கொல்லனின் ஊரைச் சொல்வேன், அவன் அன்று காலையில் தின்ற மீனையும் சொல்வேன் என்று கோதோஃப்ரேதோ தாஆல் ஊர் முழுக்க அளந்துகொண்டிருந்தார். நம்பாதவள் ஒருத்திதான், அவர் காரிங் என்று கூப்பிடும் தங்கை கரிடாட். ஆயுள் முழுக்க நர்ஸாக இருந்தவள். சாவையே பார்த்துக் கொட்டாவி விட்டவள்.

கூரை உத்தரத்தில் அகப்பட்ட பழைய வாளை அவர் புனித வெள்ளி மதியம் கலமான்சி எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்த்தார். துரு வாசனை வரவில்லை. வெட்டிய சதையின் வாசனை வந்தது. கரிடாட் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆண்டவர் இறந்துகிடக்கும் நாள், இன்றைக்குக் கீறினால் ஆறாது என்று பக்கத்து வீட்டார் எச்சரித்தார்கள். வாளில் செதுக்கிய தாயத்து எழுத்துக்கு உயிர் வரும் நாளே இதுதான் என்று சிரித்தார் கோதோ. எருமைக்கொம்புப் பிடியைப் பார்த்து, இது நம்ம பட்டாங்காஸ் ஊர் வாள்தான் என்றார். அலகில் தெளிந்த அரைகுறை லத்தீன் ஜெபத்தை உரக்கப் படித்தார். ஒலிபெருக்கியில் காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த ஆண்டவர் பட்ட பாடுகளின் பாட்டு சட்டென்று நின்றது. மணி மூன்று, ஆண்டவர் உயிர்விட்ட நேரம். அவர் கட்டைவிரல் அலகில் வழுக்கியது.

கரிடாட் கட்டுப் போட்டாள். ரத்தம் ஊறியது. மறுபடி போட்டாள். தெருவில் ஒரு வண்டி இல்லை, ஒரு கோழி கத்தவில்லை. அந்த அமைதிக்குள், துணிக்கு அடியிலிருந்து, காகிதத்தில் பேனா ஓடுவது போன்ற மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"காரிங், உள்ள யாரோ கிறுக்குறாங்க."

"சின்னக் கீறலுக்கு இவ்ளோ பந்தாவா, கூயா?" என்று அண்ணனை அதட்டினாள்.

கட்டைப் பிரித்தாள். விரலிலிருந்து மணிக்கட்டு வரை எழுத்து. வெட்டி எழுதிய எழுத்து. மேசையிலிருந்த வாளை எடுத்துப் பார்த்தாள். ஜெபத்தின் முதல் வரி இல்லை. வழவழவென்று வெறும் இரும்பு.

இரண்டாவது வரி அவள் பார்க்கப் பார்க்க மங்கியது. பின்னால் கோதோ முனகினார். முழங்கை. தோள். தையல் ஊசியை எடுத்தாள். எங்கே தைப்பது?

"வாளோட ஊரத் தப்பாச் சொல்லிட்டேன், காரிங்," என்றார் அவர், மிக மெதுவாக. "இந்த எழுத்து மனுஷன் உடம்புல இருந்தது. இரும்புல சும்மா தங்கியிருந்திருக்கு."

கடைசி வரியும் போயிற்று. வாள் புதிதாகப் பளபளத்தது. எழுத்து அவர் கழுத்தில் ஏறி, தாடையைச் சுற்றி, மூடிய இமைமேல் கீறிக்கொண்டு போனது.

"நம்புறேன், கூயா," என்றாள் கரிடாட். "என் கண்ணாலயே பாக்குறேன். நடக்குது."