காப்பு கட்டிய வீடு

புதுக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் அதிகமாக இருந்தது.

முதல் தடவை எண்ணியபோது முன்னூற்றுப் பன்னிரண்டு. யாரும் எதையும் தொடவில்லை. இரண்டாம் தடவை முன்னூற்றுப் பதின்மூன்று. அழகிரிசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"யாகூப், நீங்க கொண்டாந்த ஃப்ளாப்பில வேற எதுவும் ஏறாம பூட்டுப் போட்டிருந்தீங்களா?"

உக்கடத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் யாகூப் ஃப்ளாப்பியைத் திருப்பிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மறந்துபோட்டேனுங்க சார். நோன்பு நேரம், தலை ஒரு நெலையில நிக்கறதில்லீங்க. கடை மிஷின்ல இருந்து எதாச்சும் தொத்தியிருக்குமுங்க. அதுக்குத்தானே மூணு ஆன்டி வைரஸ் கொண்டாந்தேன். எதுன்னு சொல்லுங்க, போட்டுட்டுக் கிளம்பறேன்."

மேசை மேல் மூன்று ஃப்ளாப்பிகள் இருந்தன. ஒன்று வெளிநாட்டுச் சரக்கு. எல்லாவற்றையும் பிடிக்கும், ஆனால் மிஷின் நகராது. இன்னொன்று வடக்கே செய்தது. புது வைரஸ்களின் பட்டியல் மாதாமாதம் தபாலில் வரும். மூன்றாவதன் லேபிளில் 'காப்பு' என்று அச்சிட்டிருந்தது. அதற்குக் கீழே: பேராசிரியர் அழகிரிசாமி.

"இது என்னத்துக்கு?"

"உங்க சரக்குங்க சார்! கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் இருக்கற ஊட்டுல பாதிக்கு இதுதான். சமையல்காரர் ஊட்டுக்கு ஓட்டல் பார்சலுங்களா?"

வாசலில் ஸ்டூல் மேல் நின்று மகள் லோகப்பிரியா சிரித்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். இன்று போகி என்பதால் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்து நிலைக்கு மேலே காப்பு கட்டிக்கொண்டிருந்தாள்.

"போட்டுக்கலாமுங்கப்பா. வாசலுக்கு ஒரு காப்பு, கம்ப்யூட்டருக்கு ஒரு காப்பு. எதுவும் உள்ள வராது."

"வெளிநாட்டதப் போடுங்க," என்றார் அழகிரிசாமி. குரல் அவர் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. லோகப்பிரியா சிரிப்பை நிறுத்தினாள்.

யாகூப் வெளிநாட்டுச் சரக்கைப் போட்டார். சோதனை முடிந்து 'சுத்தம்' என்று வந்தது. நோன்பு திறக்க நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். 'காப்பு' ஃப்ளாப்பியை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டார்.

பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விட்டதால் கணபதி பகுதியின் பின் தெருப் பட்டறைகளில் ஒரு லேத்கூட ஓடவில்லை. வருஷம் முழுக்க அந்த இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு, சமையலறையில் மனைவி ரங்கம்மாள் பித்தளைப் பானையைப் புளி போட்டுத் தேய்ப்பதும், மகள் அவளிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பதும், மேசைக்கு அடியில் யுபிஎஸ் சன்னமாக முனகுவதும் தனித்தனியாகக் கேட்டன. புது பிளாஸ்டிக், தெர்மாகோல், எங்கேயோ பழைய பாய் எரியும் புகை. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை. பாசி பிடித்த தண்ணீர்.

அவர் அந்த அதிகப்படி ஃபைலைத் தேடினார்.

கிடைத்தது. ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம். ஆங்கிலத்தில் எழுதியிருந்த அந்தப் பெயரில் கடைசி எழுத்து வெட்டுப்பட்டிருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது.

பூவாத்தாள்.

அன்னூருக்குப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து அவரிடம் படித்த பெண். 'காப்பு' அவளுடைய புராஜெக்ட். "எங்கூர்ல போகிக்கு ஊட்டுக்குக் கட்டறமுங்களே சார், அது மாதிரிதானுங்க," என்று தலை நிமிராமல் சொன்னாள். முதல் வரியில் தன் பெயரை எழுதியிருந்தாள். அவர் அந்த வரியை நீக்கிவிட்டுத் தன் பெயரை எழுதினார். தன்னுடையதைப் பார்த்து அவள் காப்பியடித்தாள் என்று துறைத் தலைவரிடம் சொன்னார். அவளுக்குப் பட்டம் கிடைக்கவில்லை.

ஒருநாள் மழையில் இந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசலில், செருப்பைக் கையில் பிடித்தபடி. பக்கத்தில் ரங்கம்மாள் நின்றிருந்தாள். அழகிரிசாமி அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"யாரும்மா நீ? யார் வேணும்?"

கதவைச் சாத்தினார். ஒரு மாதம் கழித்து, அவள் ஊர்த் தோட்டத்துக் கிணற்றில் அவளை எடுத்தார்கள்.

ஃபைலை நீக்கினார். எண்ணினார். முன்னூற்றுப் பதின்மூன்று.

மறுபடியும் நீக்கினார். முன்னூற்றுப் பதின்மூன்று.

வெளிநாட்டுச் சரக்கை ஓட்டினார். 'சுத்தம்' என்றது.

ஃப்ளாப்பி டிரைவ் கரகரவென்று அரைத்தது. உள்ளே ஃப்ளாப்பி இல்லை. 'காப்பு' ஃப்ளாப்பி மேசை மேலேயே இருந்தது. திரை கறுத்து, பச்சைக் கட்டம் விழுந்தது. அந்தக் கட்டம் அவருக்குத் தெரியும். 'காப்பு' அப்படித்தான் தொடங்கும்.

மேலே, அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அவள் பெயர். இந்தத் தடவை முழுதாக.

வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

சமையலறை: சுத்தம்.

பூஜையறை: சுத்தம்.

பின்கட்டு: சுத்தம்.

முன்னறை.

அங்கே நின்றது. அவர் உட்கார்ந்திருந்தது முன்னறையில்.

பீப்.

முன்னறை: ஒன்று. பெயர்: அழகிரிசாமி. நீக்கவா?

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை அணையவில்லை. யுபிஎஸ் கத்தியது. வேண்டாம் என்பதற்கான விசையை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். விரல் நுனி ஈரமானது. விசைகளுக்கு இடையே தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

சரி என்பதற்கான விசை, யாரும் தொடாமல், மெல்ல உள்ளே இறங்கியது.

மேலே வரவில்லை. அழுத்தியபடியே இருந்தது.

ஓடினார். வாசல். படி. கேட். வெறுங்காலோடு தெருவில் நின்று மூச்சு வாங்கினார். எதிர்வீட்டுக் குழல்விளக்கு எரிந்தது. யாரோ சைக்கிளில் போனார்கள். ஒரு கம்ப்யூட்டர். வெறும் கம்ப்யூட்டர். உள்ளே லோகு இருக்கிறாள்.

அந்த நினைப்பில் திரும்பினார்.

கேட் பக்கத்துப் பளிங்குப் பலகையில் அவர் பெயர் இல்லை. சுரண்டிய தடமும் இல்லை.

நிலைப்படிக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. தூக்கினார். தூக்க முடிந்தது. தாண்டி வைக்க முடியவில்லை. தலைக்கு மேலே காப்பு, காற்றில்லாமல் ஆடியது.

லோகப்பிரியா கைத்துண்டில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"கண்ணு..."

அவள் நின்றாள். அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மரியாதையாகக் கேட்டாள்:

"ஏனுங்க, யார் வேணுமுங்க?"

"லோகு, நான்தான். அப்பா."

அவள் முகம் மாறியது. பயம் இல்லை. இரக்கம். உள்ளே திரும்பி, "அம்மா, யாரோ வந்திருக்கறாங்க. என்னமோ மாதிரி பேசறாங்க," என்றாள்.

ரங்கம்மாள் வந்தாள். இருபது வருஷம் கூட வாழ்ந்தவள். புளிக் கையோடு நின்று, தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"ஊடு மாறி வந்துட்டீங்களாட்ட இருக்குது. தண்ணி வேணுமுங்களா?"

"ரங்கா, அந்தக் கம்ப்யூட்டரை..."

இரண்டு பேருக்கும் நடுவே முன்னறை தெரிந்தது. அவருடைய நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முதுகு. ஈரச் சடை. சடை நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. விசைகள் தட்டும் சத்தம். நிதானமாக. தெரிந்த வேலையைச் செய்யும் கை.

முன்னறை: சுத்தம்.

"போய்ட்டு வாங்க," என்று சொல்லி லோகப்பிரியா கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அவர் கீழே பார்த்தார். சிமெண்ட் தரை ஈரமாக இருந்தது. மழை பெய்யவில்லை. ஒரு பெண்ணின் பாதத் தடங்கள் இரண்டு, கதவைப் பார்த்தபடி.

அவருடைய பாதங்கள் அவற்றுக்குள் இருந்தன. இடது கையில் ஒரு ஜோடி செருப்பு. நனைந்த செருப்பு.