மஞ்சள் சுற்றினால் நம்ம வண்டி

பெட்டியிலிருந்து எடுத்தபோதே விளக்கு சூடாக இருந்தது.

ஒட்டிய நாடா பிரியாத புதுப் பெட்டி. அவள்தான் பிளேடால் கீறித் திறந்தாள். ரொம்ப நேரம் ஓடிவிட்டு இப்போதுதான் நின்ற மோட்டாரைத் தொட்டதுபோல உள்ளங்கையில் கதகதவென்று ஏறியது சூடு. முகர்ந்து பார்த்தாள். புது பிளாஸ்டிக் வாசனை இல்லை, ஈரத் தாரின் வாசனை. கடைக்காரர் வெயிலில் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். நாலு நாளாக வெயிலே இல்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டு டிரில்லிங் மெஷினை எடுத்தாள்.

நின்று யோசிக்க நேரமில்லை. நாலு நாளாகப் பனிமூட்டம். சாலை போடும் கூட்டத்தின் பிக்கப் கூரையில் சுற்றிக்கொண்டிருந்த பழைய மஞ்சள் விளக்கு போன வாரமே உடைந்துபோனது. முந்தாநாள் சாயங்காலம், வேலை நடப்பது தெரியாமல் ஒரு லாரி, சாலையை மறித்து வைத்திருந்த டிரம்களை உருட்டிக்கொண்டு வந்து, கொடி காட்டிக்கொண்டிருந்தவரின் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு போனது. கொடி காட்டியவர் அவள் கணவர். "சட்டைதானே, தைச்சுக்கலாம்" என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மேஸ்திரியோடு மல்லுக்கு நின்று புது விளக்கு வாங்க வைத்தாள். வண்டிகளுக்கு ஒயரிங் செய்வது அவள் தொழில். அந்தக் கூட்டத்துக்கே அவள் ஒயரக்கா.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மற்ற வண்டி எது வந்தாலும் கொடியை நீட்டி நிறுத்துவார்கள். கூரையில் மஞ்சள் சுற்றிக்கொண்டு வந்தால் மட்டும் யார், என்ன என்று கேட்க மாட்டார்கள். கொடிக்காரர் நேரே அதன் முன்னால் போய், பின்பக்கமாக நடந்தபடியே கைகாட்டிக் கூட்டிவருவார். மஞ்சள் சுற்றினால் நம்ம வண்டி. அவ்வளவுதான்.

போன் அடித்தது. அவர்தான்.

"என்ன ஒயரக்கா, வண்டிக்குக் கிரீடம் வெச்சாச்சா?"

"இப்பதான் ஓட்டை போட்டிருக்கேன். நீங்க ரோட்டு நடுவுல நிக்காதீங்க. டிரம்முக்குப் பின்னால போய் நில்லுங்க."

"பின்னால நின்னு கொடிய யாருக்குக் காட்டுறது? டிரம்முக்கா?"

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல."

"டிரைவருக்குக் காய்ச்சலாம், வீட்டுக்குப் போயிட்டான். நீயே ஓட்டிட்டு வந்துடும்மா. இருட்டிடுச்சுன்னா கை நீட்டினா கை தெரியாது இங்க."

ரப்பர் வாஷரை வைத்து போல்ட்டுகளை முறுக்கினாள். கூரை ஓட்டை வழியாக ஒயரை உள்ளே இறக்கி, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அதன் முனையைச் சீவினாள். ஷெட்டின் தகரக் கதவு மூடியிருந்தது. வெளியே பனி சொட்டுகிற சத்தம்கூட இல்லை. அந்த அமைதிக்குள், தலைக்கு மேலே, மெல்ல, ஒரு சின்ன மோட்டார் சுற்றுவது கேட்டது.

கிர்ர்ர். கிர்ர்ர்.

ஒயர் முனை இன்னும் அவள் விரலிடுக்கில்தான் இருந்தது. எதிலும் சேரவில்லை.

எழுந்து வண்டியை விட்டு இறங்கினாள். விளக்கு எரியவில்லை, சுற்றவும் இல்லை. தொட்டாள். கை சுட்டது. கண்ணாடி மூடி முழுக்கப் பொடிப்பொடியாய் நீர்த்துளிகள். பனிக்குள் வெகுதூரம் போய்வந்தது மாதிரி.

மறுபடி போன்.

"அட, பரவாயில்லையே! அதுக்குள்ள வந்துட்டியே!"

"எங்க வந்துட்டேன்?"

"லைட்டு தெரியுதே. சும்மா ஜெகஜ்ஜோதியா வருது."

"என்னங்க... நான் இன்னும் ஷெட்லதான் இருக்கேன்."

"என்ன? ரோலர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நீ மெதுவா வா. நான் முன்னால வந்து காட்டுறேன்."

"போகாதீங்க! அது நான் இல்ல! கேக்குதா? நான் இல்ல!"

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் போல. துணி உரசும் சத்தம். லைன் மட்டும் அறுபடவில்லை.

"வா... வா... நேரா வா..."

கதவைத் தள்ளித் திறந்து வண்டியை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்ட போன் பக்கத்து சீட்டில் கிடந்தது. பனி கண்ணாடியில் வெள்ளைத்துணி கட்டியதுபோல மறைத்தது. சாலையின் ஓரக்கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓட்டினாள். போனிலிருந்து அவருடைய பூட்ஸ் சத்தம் ஒரே சீராக, பின்னோக்கி, பின்னோக்கி.

"வா... போதும், நிறுத்து." ஒரு இடைவெளி. "என்னடி, மூஞ்சியே தெரியல. லைட்டு கண்ணக் கூசுது."

கதவு திறக்கும் சத்தம்.

பிறகு ஒரு பெண்குரல். அவளுடைய குரல்.

"ஏறுங்க."

சாலைப்பணி நடக்கும் இடத்தில் அவள் பிரேக் அடித்து இறங்கியபோது ரோலரை நிறுத்தியிருந்தார்கள். மேஸ்திரி டார்ச்சோடு வந்தார்.

"என்ன ஒயரக்கா, உடனே திரும்பிட்டீங்க? அவர எங்க விட்டீங்க?"

"நான் இப்பதான் வரேன்."

"சும்மா விளையாடாதீங்க. இப்பதானே கதவத் திறந்து அவரக் கூப்பிட்டீங்க. ஏத்திக்கிட்டு அந்தப் பக்கம் போய்..." சொல்லிக்கொண்டே வந்தவர் டார்ச்சை அவள் வண்டியின் கூரைக்குத் தூக்கினார். எரியாத விளக்கு. கண்ணாடி வழியே, உள்ளே எதிலும் சேராமல் தொங்கும் ஒயர்.

பனிக்குள் மஞ்சள் சுற்றியது.

வந்தது. மெதுவாக. அதே பிக்கப். அதே எண் பலகை. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன், கை பழகிப்போன பழக்கத்தில், டிரம்மை நகர்த்தி அதற்கு வழி விட்டான்.

பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் இன்னும் சிரிப்பு. ஓட்டுகிறவளைப் பார்த்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கி நின்றவள் வண்டியின் கூடவே ஓடினாள். கண்ணாடியில் தட்டினாள். அறைந்தாள். கண்ணாடி சுட்டது.

"என்னங்க! இங்க பாருங்க! இங்க!"

அவள் ஓட்டிவந்த வண்டியின் திறந்து கிடந்த கதவு வழியாக, சீட்டில் கிடந்த போன் பேசியது.

"யாரோ தட்டுற மாதிரி இருக்கே?"

"யாரும் இல்ல." அவளுடைய குரல். அவள் அவரிடம் பேசுகிற அதே மென்மையோடு. "திரும்பாதீங்க."

அவர் திரும்பவில்லை.

வண்டி அவளைத் தாண்டியது. அவள் பின்னாலேயே ஓடினாள். ஈரத் தாரில் செருப்பு ஒட்டிக்கொண்டு கழன்றது. மஞ்சள் சுற்றும்போது பின்கண்ணாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. இருட்டு. மஞ்சள். இரண்டு தலைகள். அவருடையது ஓட்டுகிறவள் பக்கம் சாய்ந்திருந்தது. இருட்டு.

மஞ்சள்.

ஒரு தலை.

வண்டி முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அந்தத் தலை மட்டும் முழுதாகப் பின்னால் திரும்பி, அவளையே பார்த்துக்கொண்டு, அவளுடைய முகத்தில் அவருடைய சிரிப்பைச் சிரித்தது.