ஏழு வால் பலாப்பழம்

நகராட்சி கொடுத்த வரைபலகை காலை எட்டு மணிக்கே கூடத்து மேசையில் விழித்துக்கொண்டது. ஏழு வயது நிறையும் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் போகும். பெற்றவர் ஒருவரும் பிள்ளையும் சேர்ந்து ஒரு கார்ட்டூன் வரைய வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அது பேச ஆரம்பித்து, பிள்ளைக்குத் துணையுரு ஆகிவிடும். பள்ளி, வேலை, கல்யாணம் என்று ஆயுள் முழுக்கக் கூடவே வரும். பிறகு மாற்ற முடியாது.

வரையும்போது பெற்றவர் பேசுவதைக் கேட்டுத்தான் அதற்குக் குணம் அமையும். அதனால் நிறைமதியின் அம்மா தமயந்தி தேன் தடவிய குரலில் பேசினாள்.

"நிறை கண்ணு, பலாப்பழத்துக்கு எதுக்கும்மா ஏழு வாலு?"

"கிழமைக்கு ஒண்ணு."

"ஒண்ணு போதுமே தங்கம்?"

"அப்போ மத்த நாள் எதை ஆட்டும்?"

நிறைமதி வால்களை அழித்தாள், மறுபடி வரைந்தாள். மதியச் சோறு ஆறிப்போனது. செவ்வாய்க்கிழமை வாலுக்கு மணியா ரிப்பனா என்பதிலேயே ஒரு மணி நேரம் ஓடியது. தமயந்திக்குச் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது. நாலே முக்காலுக்கு நிறைமதி பலகை முழுவதையும் துடைத்துவிட்டு, "முதல்லேர்ந்து வரையலாம்மா" என்றாள்.

"ஏண்டி என் உயிரை வாங்குற? காலையிலேர்ந்து ஒண்ணாவது உருப்படியா முடிச்சியா? உன்னோட மாரடிச்சே நான் போய்ச் சேர்ந்துடுவேன். கொண்டா இங்க!"

மகள் கையிலிருந்த வரைகோலைப் பிடுங்கி, திட்டிக்கொண்டே வரைந்தாள். பழம், இரண்டு கண், வாய், ஒரே ஒரு வால். ஐந்து மணி அடித்தது. பலகையில் எழுத்துகள் ஓடின.

'நடிப்பு என்று தள்ளப்பட்ட பேச்சு: எட்டே முக்கால் மணி நேரம். குணத்துக்கு எடுத்துக்கொண்டது: கால் மணி நேரம்.'

தமயந்தி அதை இரண்டு முறை படித்தாள்.

பலாப்பழம் கண்ணைத் திறந்தது. நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த நிறைமதியை மேலும் கீழும் பார்த்தது.

"உட்கார்ற லட்சணமா இது? காலைக் கீழ போடு." அச்சு அசல் தமயந்தியின் குரல்.

நிறைமதி சட்டென்று காலைத் தொங்கப்போட்டாள்.

"உனக்கு எப்படி வசதியோ அப்படியே உட்காரு, கண்ணு." தமயந்தி இந்த முறை நடிக்கவில்லை.

நிறைமதி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, மடக்கிக்கொள்ளலாமா என்று கேட்பதுபோல, பலாப்பழத்தின் முகத்தைப் பார்த்தாள்.