கைபடா வாரம்

காலை ஏழு மணியானால் குடியிருப்பு முழுவதும் ஒரே சத்தம். கூண்டுத் தட்டை உருவி, பழைய மரத்தூளைத் தட்டிக் கொட்டும் சத்தம். அந்தப் பத்து நிமிடம் பதினாறு மாடியிலும் யாரும் போனை எடுக்க மாட்டார்கள், வாசல் மணி அடித்தாலும் திறக்க மாட்டார்கள். துளசிமணியும் சமையல் மேடையோரம் இருந்த கூண்டின் உணர்தட்டை அணைத்தாள். எலியின் எடையையும் மூச்சையும் நொடிக்கு நொடி மருந்தகத்துக்குச் சொல்லும் தட்டு அது. தூள் மாற்றுவதற்காகக் காலையிலும் மாலையிலும் பத்துப் பத்து நிமிடம் மட்டும் அதன் வாயை அடைக்க அனுமதி உண்டு.

தூளை அவள் ஒரே நிமிடத்தில் மாற்றிவிட்டாள். மீதி ஒன்பது நிமிடத்துக்கு மொச்சை என்ற அந்த எலியைத் தூக்கி, வறுத்த தவிட்டை வைத்துக் கட்டிய வெதுவெதுப்பான துணிப் பொட்டலத்தின் மேல் படுக்க வைத்தாள். பஞ்சுத் திரியைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து வாயோரம் தொட்டாள். சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும், புரையேறினால் தீர்ந்தது. நான்கு நாளில் இந்தக் கைப்பக்குவம் வந்திருந்தது.

அரசாங்கம் வைத்த பெயர் நிகரெலி. ஈரோட்டில் அதைச் சோடி என்றே சொன்னார்கள். ஊருக்கெல்லாம் பொதுவான மாத்திரை என்பது எப்போதோ ஒழிந்துவிட்டது. இப்போது மருந்து ஆளுக்கு ஆள் தனியாகப் பின்னப்படுகிறது. ஒருவருக்கு மட்டுமே ஆன மருந்தை வேறு யாரிடம் சோதிப்பது? அதனால் ஒவ்வொருவரின் உயிரணுக்களையும் ஏற்றி வளர்த்த ஓர் எலி அவரவர் வீட்டிலேயே, அதே தண்ணீரைக் குடித்து, அதே காற்றில் இருந்தது. மருந்து முதலில் அதற்கு. ஏழு நாள் அது தாங்கினால்தான் ஆளுக்கு. அந்த ஏழு நாளுக்குக் கைபடா வாரம் என்று பெயர். எலி துவண்டாலும் தொடக்கூடாது, ஊட்டக்கூடாது. தொட்டால் பார்ப்பது மருந்தின் குணமா, உங்கள் கையின் குணமா என்று தெரியாமல் போய்விடுமாம்.

துளசிமணி ஒன்றும் சட்டத்தை மீறித் திரிகிறவள் அல்ல. மூன்று வருடத்துக்கு முன் அவள் கணவன் சம்பத்துக்கு ஈரல் இறுகியபோது, அவனுடைய சோடி நாலாம் நாள் விறைத்துச் செத்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து மறுக்கப்பட்டது. நாற்பது நாளில் சம்பத்தும் போனான். இப்போது அதே ஈரல் நோய் பதினோரு வயது மகள் தாரகைக்கு. மருத்துவர் மூன்று மாதம் என்றார். இந்தச் சோடி செத்தால் அடுத்ததை வளர்க்க ஐந்து மாதம் ஆகும்.

மூன்றாம் நாள் மொச்சைக்கு மூச்சு மாறியது. ரோமம் சிலிர்த்து முதுகு கூனிவிட்டது. மூச்சுக்கு மூச்சு கடுகு வெடிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. மொச்சை என்று பேர் வைத்து அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு வளர்த்தவள் தாரகை. அவள் கண்ணில் படாமல் துளசிமணி கூண்டின் மேல் துண்டைப் போட்டாள். அன்று மாலை பொட்டலம் தயாரானது. பாவம், ஒரு வாயில்லா ஜீவன் என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி உண்மை அது. மீதிப் பாதியை அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏழாம் நாளான இன்று மொச்சை ஒரு பொட்டுக்கடலையைத் தானாகவே கொறித்தது. ஏழரைக்கு உணர்தட்டில் ‘தாங்கியது’ என்று பச்சை எழுத்து வந்தது. பத்து மணிக்கு மருந்துச் செவிலி ஜுலைகா பெட்டியோடு வந்துவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தாள்.

“கடைசியா ஒரே கேள்விதானுங்க்கா. வாரத்துல கை பட்டுதுங்களா?”

இல்லை என்று சொல்லத்தான் துளசிமணி வாயைத் திறந்தாள். “பட்டுதுங்க” என்று வந்துவிட்டது. “மூணாம் நாளே மூச்சு இழுத்துக்கிச்சு. நாந்தான் ஒத்தடம் குடுத்து, சர்க்கரத் தண்ணி ஊட்டிப் பொழைக்க வெச்சுப்போட்டேன்.”

ஜுலைகா எழுதவில்லை. படிவத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“நானூறு வீட்டுல கேட்டிருப்பேனுங்க்கா. ஒருத்தரும் பட்டுதுன்னு சொன்னதில்ல.”

“அவிங்க எல்லாம் தொடாம இருந்திருப்பாங்க.”

“எங்கீங்க்கா. தூள் மாத்தப் பத்து நிமிசம் எதுக்கு? எங்கூட்டுல என் தங்கச்சி சோடிக்கு நானே தேன் தொட்டு வெச்சேன். அதுவும் தாங்குச்சுன்னுதான் வந்துது.”

“தங்கச்சி?”

“அந்த மருந்துலதான் போயிட்டா. நாலு வருசமாச்சுங்க.”

துளசிமணிக்கு ஏழு மணிக்குக் கேட்கும் அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. பதினாறு மாடியிலும் தட்டைத் தட்டிவிட்டு, எத்தனை பேர் பஞ்சுத் திரியைக் கையில் எடுத்தார்களோ. அத்தனை பச்சை எழுத்துக்குப் பின்னாலும் எவர் கை இருந்ததோ.

“பட்டுதுன்னு எழுதினா பெட்டியத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவேன். புது சோடி, அஞ்சு மாசம்” என்றாள் ஜுலைகா. “நான் காதுல வாங்கலைன்னும் வெச்சுக்கலாம். நீங்களே சொல்லுங்க்கா. என்னால சொல்ல முடியாது.”

உள் அறையிலிருந்து தாரகை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

“எனக்குத் தெரியுமம்மா. துண்டுக்கு அடியில பாத்தேன்” என்றாள். “மொச்சை பொழச்சிருச்சல்ல?”

“அதுக்கு நோவு வந்ததே இந்த மருந்தாலதான் கண்ணு.”

“செரி. எனக்கும் வந்துதுன்னா, அதுக்குப் பண்ணுன மாதிரியே எனக்கும் பண்ணு.”

துளசிமணி மகளைப் பார்த்தாள். மொச்சை அவள் உள்ளங்கையில் அடங்கியது. இவளை எந்தக் கையில் அடக்குவது? மருந்து வேண்டாம் என்றால் மூன்று மாதம், அது நிச்சயம். சம்பத்தின் கட்டிலருகே கையைக் கட்டிக்கொண்டு நின்ற நாற்பது நாளும் அவளுக்கு முன்னால் வந்து நின்றன. இன்னொரு முறை அப்படி நிற்க அவளால் ஆகாது. அது சரியா தப்பா என்று யோசிக்கும் தெம்பு அவளிடம் இல்லை.

“படலைன்னு எழுதிக்குங்க” என்றாள்.

ஜுலைகா எழுதினாள். போகும்போது வாசலில் நின்று தன் சொந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். எந்த நேரமானாலும் கூப்பிடச் சொன்னாள்.

தாரகை மாத்திரையை ஒரே மடக்கில் விழுங்கினாள். கசக்கவில்லை என்று சொல்லி, மொச்சையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சன்னலோரம் போய் உட்கார்ந்தாள். துளசிமணி வீட்டில் இருந்த தவிடு முழுவதையும் பெரிய சட்டியில் கொட்டி, ஒரு பழைய புடவையைக் கிழித்து வைத்தாள். அடுப்பை இன்னும் பற்ற வைக்கவில்லை. மூன்றாம் நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.