கரி படிந்த செருப்பு

"முதல்ல அந்த ஹார்னை சரி பண்ணுங்க. அது கத்தவே மாட்டேங்குது. தெருவுல புள்ளைங்க விளையாடுதுங்க!"

தென்னூர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு கமருன்னிசா சொன்னாள்.

லாரியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறப் படியில் கால் வைத்த அவள் கணவர் அப்துல் சலாம் திரும்பிச் சிரித்தார்.

"என் எஞ்சின் சத்தத்துக்குச் செத்தவனே எழுந்து உக்காருவான். இதுல ஹார்ன் வேறயா?"

"லாரியும் கிழமாச்சு, நீங்களும் கிழமாச்சு. ரெண்டுக்கும் சத்தம் மட்டும் குறையல!"

"வாழைத்தார் லோடு இறக்கிட்டு வந்து பார்க்குறேன். போதுமா?"

போனார்.

புகை அடங்குவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். இன்னொரு தடவை பார்த்திருக்கலாம்.

பதினொரு மணி வாக்கில் போன் அலறியது.

சலாமின் தம்பி சர்ஃபராஸ்!

"அண்ணி... ஸ்ரீரங்கம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வாங்க... அண்ணன்..."

"அண்ணனுக்கு என்னடா?"

"கொள்ளிடக் கரையில... மருதை... அண்ணன் மேல லாரியை ஏத்திக் கொன்னுட்டான்!"

மருதை!

அந்த லாரியின் டிரைவர். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவள் கையால் பிரியாணி சாப்பிட்டவன்.

கைக்குக் கிடைத்த வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஸ்டேஷன் வாசலில் ஜீப்பிலிருந்து அவனை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கை கட்டியிருந்தது. சட்டை கிழிந்திருந்தது. முகம் முழுக்க ஒரே கறுப்பு. கண் மட்டும் வெள்ளையாய்த் தெரிந்தது.

கொலைகாரனுக்கு ஏற்ற முகம் என்று நினைத்தாள்.

குனிந்தாள். செருப்பைக் கழற்றினாள்.

பளார்!

"அக்கா! முதல் கியர்தான்க்கா போட்டேன்! என் புள்ள மேல சத்தியமா..."

பளார்!

"சோறு போட்ட மனுஷன்டா அவரு!"

கான்ஸ்டபிள்கள் ரோட்டில் போன பஸ்ஸை வேடிக்கை பார்த்தார்கள்.

சர்ஃபராஸ் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தான்.

"அழாதீங்க அண்ணி. இவனை வெளிய விடக் கூடாது. நேத்து இவன் சொன்னானே, அதைச் சொல்லுங்க!"

இன்ஸ்பெக்டர் அனுசுயாவிடம் அவள் சொன்னாள்.

"என் கண்ணு முன்னாடியே சொன்னான் மேடம். இந்த எஞ்சின் ஒருநாள் ஆளைத் தின்னும்னு மிரட்டினான்!"

மிரட்டினான்... அந்தச் சொல் அவளுடையது. மருதை கவலையாகத்தான் சொன்னான். எஞ்சினை மாற்றச் சொல்லிக் கெஞ்சிய பிறகு சொன்னான்.

அவளுக்கு அது தெரியும்.

இருந்தும் சொன்னாள்!

மற்றதைச் சர்ஃபராஸ் சொன்னான். லோடு லாரி கரை ஏறும்போது ஒருவர் கட்டையோடு பின்னால் நடப்பது வழக்கம். வண்டி நின்றுவிட்டால் சட்டென்று சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட வேண்டும். அன்றைக்கு லாரி பாதி ஏற்றத்தில் நின்றது. கட்டையோடு குனிந்தார் சலாம். எஞ்சின் உறுமியது. லாரி பின்னால் பாய்ந்தது.

போலீஸ் போய்ப் பார்த்தபோது கியர் ரிவர்ஸில் இருந்தது!

வேறென்ன வேண்டும்? கொலை வழக்கு.

அடுத்த வாரம்.

கமருன்னிசா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய நாட்கள். அனுசுயா உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். கூட வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் பிரவீன்ராஜ் திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தார். சர்ஃபராஸ் அவருக்கு டீ கொடுத்துவிட்டு அங்கேயே நின்றான்.

"லாரியைப் பிரிச்சுப் பார்த்தேம்மா" என்றார் பிரவீன்ராஜ். "ஏர் ஃபில்டர் முழுக்கக் கரி. அது காத்து உள்ள போற வழி. அங்க எப்படிப் புகை வரும்?"

"எனக்கென்ன சார் தெரியும்?"

"எஞ்சின் தலைகீழாச் சுத்தினா வரும்!"

"தலைகீழாவா?"

"புது வண்டின்னா கம்ப்யூட்டர் நிறுத்திடும். இது பழைய காலத்து டீசல் எஞ்சின். கரண்ட் கூட வேணாம். சுத்திவிட்டா ஓடும்... எந்தப் பக்கம் சுத்தினாலும் ஓடும்! வண்டி ஏத்தத்துல நின்னு, முதல் கியர்லயே பின்னால சறுக்கினா, எஞ்சினைத் தலைகீழாச் சுத்திவிட்ட மாதிரி. அப்படியே பத்திக்கும்."

"பத்திக்கிட்டா?"

"டிரைவர் எஞ்சினுக்கு உயிர் வந்துடுச்சுன்னு ஆக்ஸிலேட்டரை மிதிப்பான். முதல் கியர்தான். ஆனா வண்டி பின்னால பாயும்!"

கமருன்னிசாவின் பார்வை கட்டிலுக்கு அடியில் போனது.

அனுசுயா குரலைத் தாழ்த்தினாள்.

"கோர்ட்டுல, பழைய வண்டி, கரி எப்பவோ படிஞ்சதுன்னு சொல்லிடுவாங்க. எஞ்சின் தலைகீழாச் சுத்தியிருந்தா அந்தப் புகை கேபினுக்குள்ளயும் அடிச்சிருக்கும். அன்னைக்கு வந்துச்சான்னு தெரியணும். மருதை வந்துச்சுன்றான். எங்க ஆளுங்க அவனைக் குளிப்பாட்டிதான் என்கிட்ட கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி அவனைக் கிட்டத்துல பார்த்தது நீங்க..."

"அண்ணிக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது மேடம்!" திரைக்கு அப்பாலிருந்து சர்ஃபராஸ் முந்திக்கொண்டான்.

கமருன்னிசா எழுந்தாள்.

சொல்வதென்றால் செருப்பையும் சொல்ல வேண்டும். கட்டின கையோடு நின்றவனை அடித்ததைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால்... ஒரு மனுஷன் ஜெயிலில் கிழவனாவான்.

கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்து வந்து வைத்தாள். அன்றைக்குக் கையிலேயே எடுத்து வந்ததோடு சரி, பிறகு அவள் அதைப் போடவில்லை. அடிப்பாகத்தில் கரி அப்பியிருந்தது.

"இது அவன் முகத்துல இருந்த கரி மேடம். நான் அடிச்சேன். ரெண்டு தடவை. எஞ்சினை மாத்தத்தான் அவன் கெஞ்சினான். மிரட்டினான்னு சொன்னது நான்."

அனுசுயா செருப்பையே பார்த்தாள்.

"சரி... அப்ப கியர் முதல்ல இருந்திருக்கு. ரிவர்ஸ்ல சறுக்கியிருந்தா எஞ்சின் நேராத்தான் சுத்தியிருக்கும். மருதை குதிச்சதும் கூட்டம் அவனைப் பிடிச்சுக்கிச்சு. கியரை மாத்தினது யாரு? கேபின் முழுக்கக் கரி. ஏறினவன் கையில ஒட்டாம இருக்காது. சர்ஃபராஸ், நீங்க?"

"அய்யய்யோ! நான் லாரி பக்கமே போகல மேடம்!"

கமருன்னிசா அலமாரிப் பக்கம் போனாள்.

மெல்ல அதைத் திறந்தாள். அவருடைய கடைசி நாளை அலசிவிட மனசில்லாமல் துவைக்காமலே மடித்து வைத்திருந்த வெள்ளைத் துப்பட்டி. விரித்தாள்.

தோள் பக்கத்தில் கறுப்பாக ஐந்து விரல்கள்!

"அன்னைக்கு என்னைத் தொட்டது நீ மட்டும்தான் சர்ஃபராஸ்."

டீ கிளாஸ் விழுந்து உடைந்தது.

"அண்ணி... கட்டையோட நான்தான் நடக்கணும். போன்ல பேசிட்டு நின்னுட்டேன். அண்ணன் திட்டிட்டுக் கட்டையைப் பிடுங்கிட்டுப் போனாரு... என்னாலதான்னு தெரிஞ்சா உங்க முகத்துல எப்படி முழிப்பேன்? அதான் கியரை..."

"இப்ப மட்டும் எப்படிடா முழிக்கிற?"

சர்ஃபராஸ் ஜீப்பில் ஏறினான். சில நாளில் வழக்கிலிருந்து விடுபட்டு, அதே ஜீப்பில் மருதை வந்து இறங்கினான். வாசலோடு நின்றான்.

கமருன்னிசாவால் திரையை விலக்க முடியவில்லை.

"மருதை... அந்தச் செருப்பு..."

"விடுங்கக்கா." அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். "பின்னால போகுதுன்னு தெரிஞ்சதும் பிரேக்கை மிதிச்சேன், பிடிக்கல. சலாம் பாயை விலகச் சொல்லி ஹார்னை அமுக்கினேன்க்கா... அமுக்கிட்டே இருந்தேன்..."



லாரி இன்றும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வளாகத்தில் நிற்கிறது. பேசக் கூடாததை ஆளுக்கு ஆள் பேசிய அந்த வழக்கில், பேச வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காதது அதன் ஹார்ன் ஒன்றுதான். போகிற வருகிற கான்ஸ்டபிள்கள் அமுக்கிப் பார்க்கிறார்கள்.

ம்ஹூம்... சத்தமே இல்லை.

அதை மட்டும் இன்னும் யாரும் கைது செய்யவில்லை!