டி.எஸ்.பி. வடிவாம்பாளின் உடம்பு

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மகள் அழைப்பாள். அதற்கு அரை மணி முன்பே நான் தலைவாரி, பொட்டு வைத்து, கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு திரைச்சுவர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். யாருக்கு இந்த அலங்காரம் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். நார்வேயின் பெர்கன் நகரத்தில் அவளுடைய திரையில் என் புடவை தெரியும், கழுத்துச் சங்கிலி தெரியும், கை தெரியும். கழுத்துக்கு மேலே ஒரு சாம்பல் திட்டு, அவ்வளவுதான்.

"அம்மா, கையக் காட்டு," என்பாள் நப்பின்னை. காட்டுவேன். "வளையல் புதுசா?"

"பழசுதான்டி. மூஞ்சியப் பாக்க வழியில்லாம வளையல ஆராய்ச்சி பண்ணிட்டிருக்க."

இருவரும் சிரிப்போம். சிரித்து முடிந்ததும் பேச்சு நொண்டும். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். முகமில்லாத ஒரு திட்டோடு எவ்வளவு நேரம்தான் பேசுவாள், பாவம்!

நான் செத்துப்போனவள். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் திகைப்பார்கள்; வளசரவாக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெரு இளநீர்க்காரர்கூட முதல் நாள், "மேடம், நீங்க செத்துட்டீங்கல்ல? வழுக்கையா, தண்ணியா?" என்று ஒரே மூச்சில் கேட்டார்.

செத்தவர்கள் திரையில் வந்து பேசிய காலம் ஒன்று இருந்தது. இறந்த அப்பா வீடியோவில் வந்து பிள்ளையிடம் வங்கிக் கடவுச்சொல் கேட்பார். இறந்த தலைவர் வந்து ஓட்டுக் கேட்பார். எல்லாம் கணினி செய்த பொம்மைகள். ஊர் அல்லோலகல்லோலப்பட்ட பிறகு சட்டம் வந்தது. இறந்தவர் முகம் முகப்பதிவகத்தில் ஏறிவிட்டால் அது எந்தத் திரையிலும் உயிரோடு தெரியக்கூடாது. எல்லாத் திரைக்குள்ளும் அந்தக் காவல் வைத்துத்தான் விற்கிறார்கள்.

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது எங்கள் சின்னத்திரை. சீரியலில் யார் செத்தாலும் ஜனங்கள் நம்புவதை நிறுத்தியிருந்தார்கள். எத்தனை பேரை இரட்டைப் பிறவி என்றும் ஞாபகமறதி என்றும் திருப்பிக் கொண்டுவந்திருப்போம்! அதனால் நடிகர் உயிரோடிருக்கும்போதே தன் முகத்தை இறந்தவர் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முகத்துறவு என்று பெயர். துறந்தால் துறந்ததுதான், மீட்பு கிடையாது.

'கரைமேல் காவல்' தொடரில் இருபத்தாறு வருஷம் டி.எஸ்.பி. வடிவாம்பாளாகக் காக்கி போட்டவள் நான், தேவசேனா. தொடர் இழுத்துக்கோ பறித்துக்கோ என்று கிடந்தது. என் கணவரும் போய்ச் சேர்ந்திருந்தார். போதும்டா சாமி என்றிருந்தது எனக்கு. வடிவாம்பாள் செத்தால் தொடர் எழும், குடும்ப அழைப்புகளுக்கு விலக்கு வரும் என்றார்கள். நம்பித் துறந்தேன். அந்த விலக்கு இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறது!

விமான நிலைய வாசலிலும் திரைதான். செத்த முகத்துக்குக் கதவு திறக்காது. நப்பின்னையும் வர முடியாது. ஆளுக்கு ஏழு வருஷத்துக்கு ஒரு பறப்பு என்ற கட்டுப்பாட்டில், தன் பங்கை அவள் அப்பாவின் காரியத்துக்கு வந்து தீர்த்துவிட்டாள். அவளுக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கவிநயன், நார்வேயில் வேர்பிடித்த யாழ்ப்பாணக் குடும்பம். பெண்ணின் அம்மா இடத்தில் ஒரு சாம்பல் திட்டு உட்கார்ந்திருக்கும்.

தோழிகளும் மெல்ல மெல்ல அழைப்பதை நிறுத்தினார்கள். இந்தக் காலத்தில் யார் நேரில் வருகிறார்கள்? எல்லாம் திரையில்தான். சமைத்ததைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, நானில்லாத 'கரைமேல் காவல்' பார்ப்பேன். புதிய இன்ஸ்பெக்டராக இன்பராஜ் என்ற பையன் வந்திருந்தான். நன்றாகவே நடித்தான். ஆனாலும் தொடர் எழுந்திருக்கவில்லை.

ஒரு நாள் இயக்குநர் கோமதிநாயகம் நேரிலேயே வந்து நின்றான். அதிசயத்தில் இரண்டு தடவை காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"அக்கா, தப்பு எங்க மேலதான். கார் கடல்ல விழுந்ததக் காட்டினோம். உடம்பக் காட்டல."

"ஏன்டா காட்டல?"

"பழக்கதோஷம்க்கா. எந்த சீரியல்ல உடம்பக் காட்டியிருக்கோம்? என்னிக்காவது ஆவும்னு ஒரு சந்து விட்டு வைக்கிறதுதான நம்ம தொழிலு? இப்ப ஜனங்க நீங்க வருவீங்கன்னு உக்காந்திருக்காங்க. மேடம் வர்ற வரைக்கும் நாற்காலிய தொடச்சு வைக்கிறவன்னு பையன நெனைக்கிறாங்க."

"முகத்துறவு பண்ணவ எங்கடா வர்றது? அது தெரியாதா அவங்களுக்கு?"

"தெரியும். ஆனா உடம்பு கிடைக்கலன்னா ஆளு சாகலன்னு நாமதான அவங்களுக்குக் கத்துக் குடுத்தோம்."

என்னை எதிர்பார்த்து எங்கோ யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் மூன்றாம் காப்பிக்குப் பால் வைத்தேன். அந்த எதிர்பார்ப்பை முடித்துவைக்கச் சொல்லித்தான் அவன் வந்திருந்தான். பிணவறை மேசையில் வடிவாம்பாளாக நான் படுக்க வேண்டும். ஒரே ஒரு ஷாட்.

"என் மூஞ்சிதான் தெரியாதே?"

"செத்த முகம் உயிரோட வரக்கூடாதுன்னுதான் சட்டம். செத்த மாதிரியே வந்தா திரை விட்டுரும்க்கா. கண்ணு மூடியிருக்கணும். உதடு, புருவம் எதுவும் அசையக்கூடாது. அசைஞ்சா திட்டுதான்."

ஒத்துக்கொண்டேன். பிணமாகவாவது என் முகம் ஒருமுறை திரையில் வருமே என்ற அற்ப ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு காய்ந்து போயிருந்தேன்.

மேசை சில்லென்றிருந்தது. இன்பராஜ் துணியை விலக்கி, "மேடம்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழுதான். நடிப்பில்லாத அழுகை. குனிந்து காதருகே, "மன்னிச்சிருங்க மேடம்" என்றான். போடா பைத்தியக்காரா என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. பிணம் எப்படிப் பேசும்?

காட்சி ஒளிபரப்பான மறுநாள் எங்கள் தெருமுனையிலேயே கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டினார்கள். பதினாறாம் நாள் காரியம் செய்தவர்களும் உண்டு. அதன் பிறகு ஜனங்கள் மனதைத் தேற்றிக்கொண்டு இன்பராஜை 'நம்ம இன்ஸ்பெக்டர்' என்றார்கள். 'கரைமேல் காவல்' பிழைத்துக்கொண்டது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். ஆனால் இனி யாரும் என்னை எதிர்பார்க்கவில்லை என்ற நினைப்பு, சாப்பிட உட்காரும்போதெல்லாம் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது.

காட்சி ஒளிபரப்பான வாரம் நப்பின்னை ஞாயிறுவரை பொறுக்கவில்லை. புதன்கிழமையே அழைத்தாள். அழுதழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

"அம்மா, உன்னப் பாத்தேன்மா. காதோரம் எவ்வளவு நரை! எளைச்சுட்ட. திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தேன். ஏன்மா எங்கிட்ட சொல்லல? கண்ண மூடினா நீ தெரிவியா?"

"அது பொணத்துக்குடி."

"இப்ப மூடு. அசையாம இரு."

மூடினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் திரைக்கு அருகில் நகர்ந்து வருவது கேட்டது. பிறகு மெல்லச் சொன்னாள். "கல்யாணத்தன்னிக்கு இப்படியே இரும்மா. நான் உன் முகத்தப் பாத்துட்டே கழுத்த நீட்டணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வாய அலம்பு! மணவறையில பொண மூஞ்சியா? உன் மாமியார் வீட்டுல என்ன நெனைப்பாங்க? திட்டாவே இருந்துட்டுப் போறேன், நானாவது உன்னப் பாக்கறேன்."

"நீ வாராவாரம் என்னப் பாக்கற. நான் உன்னப் பாக்கவே இல்லியேம்மா."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

முகூர்த்தத்தன்று அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு திரைச்சுவர் முன்னால் உட்கார்ந்தேன். மண்டபம் முழுக்கத் தெரிந்தது. நப்பின்னையைக் கண் கொண்டமட்டும் பார்த்துவிட்டு, ஐயர் தாலியைக் கையில் எடுத்ததும் கண்ணை மூடினேன். திரையில் என் முகம் வந்திருக்க வேண்டும். யாரோ ஒரு பெண்பிள்ளை "ஐயோ!" என்றாள். சலசலப்பு எழுந்தது. கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனா? திறந்துவிடப் போனபோது, சம்பந்தியம்மாள் குரல் திரைக்கு மிக அருகில் கேட்டது.

"கண்ணைத் திறக்காதேங்கோ. பிள்ளை உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறா."

மேளம் கொட்டியது. ஒற்றை மகள் கழுத்தில் தாலி ஏறுவதை நான் சத்தத்தால் அறிந்தேன். கண்ணீர் முட்டியது. அசைந்தால் மறைந்துவிடுவேன். பல்லைக்கூடக் கடிக்காமல் கிடந்தேன்.

"முடிஞ்சதும்மா," என்றாள் நப்பின்னை. குரலில் அப்படி ஒரு நிறைவு. "நல்லா பாத்துட்டேன். இப்ப நீ பாரு."

கண்ணைத் திறந்தேன். தாலிக்கொடியும் மாலையுமாக நின்றாள் என் பெண். என் முகத்தின் மேல் நிலைத்திருந்த அவள் பார்வை, நான் பார்த்த அந்தக் கணமே பிடி நழுவி, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் திரையெங்கும் அலைந்தது.

மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.